தொட்டித் தண்ணீருக்கும் ஒரு கணக்கு உண்டு

கொங்கு நாட்டுத் தாத்தாக்களிடம் நீச்சல் எங்கே பழகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்துக் கிணற்றைத்தான் கை காட்டுவார்கள். முதுகில் சுரைப்புருடையைக் கட்டித் தள்ளிவிட்டால் நாலு நாளில் பையன் தானாக நீந்திவிடுவானாம். இன்று அந்தக் கிணறுகளில் பல வற்றிவிட்டன. தண்ணீர் ஆயிரம் அடி போருக்குள் இறங்கிவிட்டது. இப்போது கோவைப் பக்கம் சில வீட்டு வாசல்களிலும் தோட்டத்து வீடுகளிலும் தரைக்கு மேலே நிறுத்தும் பிளாஸ்டிக் நீச்சல் தொட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பெட்டியில் வருகிறது, ஒரு மணி நேரத்தில் மாட்டிவிடலாம்.

தொட்டி வாங்குவதில் தப்பில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் பிரச்சினை. முதல் நாள் கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர் நாலாம் நாள் பச்சை பிடிக்கும். வீட்டுக்காரர் கையில் கிடைத்த பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போடுவார். தண்ணீர் கலங்கும், குழந்தைக்குக் கண் எரியும். கடைசியில் மொத்தத்தையும் சாக்கடையில் திறந்துவிட்டு மறுபடி மோட்டாரைப் போடுவார்!

12 அடி விட்டமும் இரண்டரை அடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 6,500 லிட்டர் பிடிக்கும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். ஆக, ஒருமுறை திறந்துவிடும் தண்ணீர் ஒரு ஆளுக்கு 118 நாள் தண்ணீர். நிலத்தடி நீர் ஏற வேண்டும் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் போராடி, 2024 ஆகஸ்டில்தான் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் தொடங்கப்பட்ட ஊர் இது. இங்கே தொட்டி வைப்பவருக்கு ஒரே ஒரு நியாயம்தான் இருக்க முடியும். ஒருமுறை நிரப்பிய தண்ணீரை மாதக்கணக்கில் கெடாமல் காப்பாற்றுவது. அதற்கு ரசாயனம் தெரிந்தே ஆக வேண்டும்.

பயப்பட வேண்டாம், காமர்ஸ் படித்தவருக்கே புரிகிற கணக்குதான்.

பி.எச். என்பது நடப்புக் கணக்கு மாதிரி, தினமும் ஏறும் இறங்கும். அது 7.2-க்கும் 7.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். நம் கண்ணீரே சுமார் 7.4தான், அதனால் கண்ணும் எரியாது. இதைவிட முக்கியமான காரணம் குளோரின். பி.எச். 7.2-ல் இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குதான். மீதி தண்ணீரில் சும்மா கிடக்கும். பி.எச். பார்க்காமல் மேலும் மேலும் பவுடர் கொட்டுகிறவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறவர்.

காரத்தன்மை என்பது காப்பு நிதி. அது 80 முதல் 120 பி.பி.எம். வரை இருந்தால் பி.எச். அடிக்கடி ஆடாது. குறைந்தால் சமையல் சோடா போதும். 6,500 லிட்டருக்குச் சுமார் 110 கிராம் போட்டால் 10 பி.பி.எம். ஏறும்.

அடுத்தது கடினத்தன்மை. கோவைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, ருசிக்குப் பேர் போனது. கேரளாவின் பாலக்காடு மாவட்டக் காட்டிலிருந்து, 1973-ல் இரு மாநிலங்கள் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் வரும் குடிநீர் அது. அதைத் தொட்டியில் ஊற்றிக் குளிப்பது பாவம். எனவே போர் தண்ணீர்தான் கதி. ஆனால் அது பக்கெட்டில் வெள்ளைப் படிவு விடுகிற உப்புத் தண்ணீர், சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைய உண்டு. அதில் பிளீச்சிங் பவுடர் போடுவது மேலும் சுண்ணாம்பைச் சேர்ப்பதுதான். தண்ணீர் பால் மாதிரி கலங்குவது பெரும்பாலும் இதனால்தான். போர் தண்ணீருக்குத் திரவ ஹைப்போகுளோரைட் நல்லது. வெளிநாட்டுக் கையேட்டில் இதெல்லாம் இருக்காது. அது நம்மூர் போரைப் பார்த்து எழுதியதில்லையே!

குளோரின் எவ்வளவு? 1 முதல் 3 பி.பி.எம். போதும். 6,500 லிட்டரில் 2 பி.பி.எம். வர வேண்டுமானால் தேவை வெறும் 13 கிராம் குளோரின். 65 சதவீதப் பவுடர் என்றால் 20 கிராம். புதுத் தண்ணீர் முதலில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், அவ்வளவுதான். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் சாயங்காலம் போடுவது உத்தமம். வெயிலில் நிற்பதற்கென்று சயனூரிக் அமிலம் கலந்த மாத்திரைகளும் விற்கிறார்கள். குளோரின் தீர்ந்துபோகும், அந்த அமிலம் வாராக் கடன் மாதிரி தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அளவு மீறினால் குளோரினை மந்தமாக்கும். அப்போது தண்ணீரை மாற்றுவது தவிர வழியில்லை. எது வேண்டாம் என்கிறோமோ அதிலேயே கொண்டுபோய் விடும்.

இன்னொரு தப்பான நம்பிக்கை: மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று நினைப்பது. பெரும்பாலும் நேர்மாறு! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் வாடை அது. கண் எரிச்சலுக்கும் அதுவே காரணம். நல்ல குளோரின் போதவில்லை என்று அர்த்தம். குளித்துவிட்டு இறங்கச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பி.எச். ஏறினால் ஆசிட் ஊற்றலாம். ஆனால் ஆசிட்டைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. ஆசிட்டையும் குளோரினையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். இரண்டு வகைக் குளோரின் பவுடர்களையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

இவ்வளவுக்கும் தேவை சோதனைத் தாள் ஒரு டப்பாவும் ஒரு நோட்டும்தான். நிரப்பும் முன்பே போர் தண்ணீரைச் சோதியுங்கள். பிறகு வாரம் இரண்டு முறை எண்ணைக் குறித்து வையுங்கள். கணக்கு எழுதாத கடை எப்படி மூழ்குமோ அப்படித்தான் எழுதாத தொட்டியும். என்றைக்காவது மாற்றியே ஆக வேண்டுமானால், நாலு நாள் வெயிலில் விட்டுக் குளோரின் போனதும் தென்னைக்குப் பாய்ச்சுங்கள்.

ஆயிரம் ரூபாய் மோட்டார் கரண்டுக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் ஆறாயிரம் லிட்டர் தண்ணீருக்குப் பார்ப்பதில்லை. சுரைப்புருடை கட்டி நீந்திய தலைமுறைக்குக் கிணறு தண்ணீர் தந்தது. தொட்டியில் நீந்தும் தலைமுறை அந்தத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கப் பழகட்டும்.