சித்திர சபையில் இல்லாத கை

முகம் வந்துரும், மரம் வந்துரும். கைதான் வராது. உள்ளங்கையை முதல்ல ஒரு பெட்டியாப் போடணும். விரல் கணுக்களை நேர்கோட்டில் இல்லாம வில்லா வளைச்சு வைக்கணும். கட்டைவிரல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது.

பார்த்துப் பழகக் குற்றாலம் சித்திர சபைக்குப் போனேன். நடராசர் அங்கே செம்பில் இல்லை, ஓவியமா இருக்கார். சுவரெல்லாம் கைகள். அபயம் காட்டுற கை, பூப் பிடிக்கிற கை. நான் பார்த்தவரை ஒண்ணுலகூடக் காய்ப்பு இல்லை. 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம் வந்து நாம உள்ளே போனோம். நம்ம கை சுவருக்குப் போகலை.

ஒரு மாசம் அந்தக் கைகளையே போட்டுட்டு, அம்மா கையை வரைஞ்சேன். தென்காசிப் பக்கம் பல வீட்டுல மாதிரி அம்மாவும் பீடி சுத்துறா. கத்தரிச்ச இலையில் தூளைப் பரப்பி, உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுத்தி... ஆள்காட்டி விரல் ஒரு பக்கமாச் சாய்ஞ்சே போச்சு. படம் தெரிஞ்ச நண்பர் பார்த்துட்டு, "விரல் தப்பா இருக்கே" என்றார்.

தப்பு விரலில் இல்லை தோழர். கோயில் கையை இலக்கணமாக்கிக்கிட்ட கண்ணில் இருக்கு. என் கண்ணுக்கும்தான், அழிரப்பரை நானே எடுத்தேன். 1885-ல் 'உருளைக்கிழங்கு தின்போர்' வரைஞ்ச வான்கா, மண்ணைத் தோண்டின கைதான் தட்டுக்கு நீளுதுன்னு தெரியணும்னு நினைச்சார். குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி வசந்தவல்லி கையைப் பார்த்துக் குறி சொல்றா. சிங்கி கையை யார் பார்த்தா?

அம்மா அசையாம உட்காரமாட்டேங்கிறா. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கணக்கு. ஓடுற கையையே வரையிறேன்.