முதலில் போடவேண்டியவர்களுக்குக் கடைசியிலா?



சென்ற மாதம் தாராவியிலிருந்து ஒரு தாய் நம் சங்கத்துக்கு வந்தார். மகனுக்கு ஹீமோபிலியா; காயம் பட்டால் ரத்தம் எளிதில் உறையாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடப் போன இடத்தில், "இவனுக்கு ஊசியே போடக்கூடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அடுத்த வாரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவர் வந்தார். "தெம்பில்லாத உடம்புக்குத் தடுப்பூசி ஆகாது" என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பேச்சும் தவறு. உயிரைக் குடிக்கக்கூடிய தவறு. ஆகவேதான் எழுதுகிறோம்.

இந்தக் கிருமி ரத்தத்தின் வழியாக, சுத்தமில்லாத ஊசியின் வழியாக, உடலுறவின் வழியாக, பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்குப் பரவுகிறது. கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது. வெளியே தெரியாமல் வருஷக்கணக்கில் இருந்து கல்லீரலைச் சுருக்கிவிடும். புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். அப்படியானால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவரும், வாரத்தில் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் இயந்திரத்தில் ரத்தத்தை ஓடவிடுபவரும் அல்லவா வரிசையில் முதலில் நிற்கவேண்டியவர்கள்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்தக் கிருமியின் அடையாளத்தை விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க் கண்டுபிடித்ததே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோபிலியா நோயாளியின் ரத்தத்தை வைத்துத்தான். அது 1965-இல் வெளிவந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசிக்கு வழிகாட்டிய நோயாளிக்கே தடுப்பூசி இல்லை என்றால் அது நியாயமா?

ஹீமோபிலியா உள்ளவருக்கும் ஊசி போடலாம். ஃபேக்டர் ஏற்றிய கையோடு, மெல்லிய ஊசியால் புஜத்தில் போட்டு, தேய்க்காமல் குறைந்தது இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்கவேண்டும். தோலுக்கு அடியில் போடும் முறையும் உண்டு. எது ஏற்றது என்பதை ஹீமோபிலியா பார்க்கும் டாக்டர் சொல்வார்.

இந்தத் தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கிடையாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் இதனால் நோய் வராது. பலன் குறைவாகக் கிடைக்கலாம் என்பதே சங்கதி. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு இருமடங்கு மருந்து, 0, 1, 2, 6 மாதங்களில் நான்கு தவணை. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தைச் சோதித்து, எதிர்ப்புச் சக்தி 10 அலகாவது இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரும் தவணைகள் முடிந்ததும் சோதித்துக்கொள்ளவேண்டும். சிறுநீரகம் பழுது என்று தெரிந்தவுடனே, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே போட்டுக்கொண்டால் பலன் அதிகம்.

நம்மிடமும் குறை உண்டு. மே மாதம் ரயில்வே கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்க்கிறோம். குடும்பம் குடும்பமாக ஊருக்கு டிக்கெட் எடுக்கிறோம். ஊசிச் சீட்டு மட்டும் மும்பையிலேயே கிடக்கிறது. ஒரு தவணை தவறிவிடுகிறது. தவறினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை; விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். சீட்டை ரேஷன் கார்டோடு பத்திரமாக வைத்து, ஊருக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

சர்க்காரிடம் கேட்கவேண்டியதும் உண்டு. 2011-இல் இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான இலவசத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்த உழைப்பாளியின் கதி என்ன? 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இந்த மருந்தை இங்கேயே தயாரித்த பிறகு விலை பெரிதும் இறங்கிவிட்டது. ஆகவே பணமில்லை என்ற சாக்கு செல்லாது. ஹீமோபிலியாவை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றிருக்கிறது. டயாலிசிஸ் நடக்கும் இடத்திலும் ஹீமோபிலியா பிரிவிலும் சோதனையும் ஊசியும் அங்கேயே, இலவசமாக, எல்லா வயதினருக்கும் கிடைக்கவேண்டும். நாம் கேட்பது தர்மம் அல்ல, உரிமை.

மராத்தியோ இந்தியோ பேசத் தயங்கி யாரும் ஆஸ்பத்திரி வாசலில் திரும்பிவிடாதீர்கள். சொல்லியனுப்புங்கள், சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவார். அந்தத் தாயோடும் மகனோடும் வரும் திங்களன்று நாங்கள் போகிறோம்.