கணினி எதற்காகக் காத்திருக்கிறது?



சில மாதங்களாக நம் இதழுக்கு வாசகர்கள் அனுப்பும் படைப்புகளோடு ஒரு சிறு குறிப்பும் சேர்ந்தே வருகிறது. "வீட்டு கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ஆகிவிட்டது, ஆன் செய்தால் எழுந்து வரவே கால் மணி நேரம் ஆகிறது, அதனால்தான் தாமதம்" என்று. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எழுதுகிறார்கள், கல்லூரி மாணவிகள் எழுதுகிறார்கள். அடுத்த வரியில் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: இதை வைத்துக்கொண்டு மல்லாடுவதா, தலைமுழுகிவிட்டுப் புதிது வாங்குவதா? இந்த மாதம் இந்தப் பக்கத்தையே அதற்குப் பதிலாகத் தந்துவிடலாம் என்று தோன்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரப்பட்டு வாங்காதீர்கள். மெதுவாகிப்போன வீட்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் பிராசசருக்கு ஒரு குறையும் இருப்பதில்லை. வாங்கிய அன்று எந்த வேகத்தில் கணக்குப் போட்டதோ, அதே வேகத்தில் இன்றும் போடும். அதற்கு வந்து சேரவேண்டிய தகவல்தான் நேரத்துக்கு வந்து சேருவதில்லை. நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கால் மணி நேரமும் உள்ளே பிராசசரும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எதற்காக என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கணினியை ஆன் செய்து, எதையும் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற சிறு சாளரம் திறக்கும். அதில் சி.பி.யூ. (அதாவது பிராசசர்), மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகளும் மேலே சதவீதமும் தெரியும். அந்த மூன்றில் எது தொண்ணூறைத் தாண்டி அங்கேயே நிற்கிறது என்று பாருங்கள். பத்து வருடப் பழைய கணினி என்றால், சி.பி.யூ. பத்து சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்க, டிஸ்க் மட்டும் நூறில் நிற்பதைப் பார்ப்பீர்கள். இந்தக் காட்சியை நான் பார்த்த வீடுகள் நிறைய.

அது ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் செலவு செய்யவேண்டிய இடம் இதுதான். பழைய கணினிகளில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத்தட்டு ஓயாமல் சுற்றுகிறது; அதன் மேல் ஒரு சிறிய கை நகர்ந்து நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் முதன்முதலாக ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டபோது அது ஆளுயர இரும்பு அலமாரி அளவு இருந்தது. ஐம்பது தட்டுகள் அடுக்கியும் சுமார் ஐம்பது லட்சம் எழுத்துகள்தான் அதில் கொள்ளும். அளவு உள்ளங்கைக்குச் சுருங்கியதே தவிர, தட்டு சுற்றுவதும் கை நகர்வதும் அன்றுபோலத்தான். லேப்டாப்பில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். கேட்க வேகமாகத் தெரியும். ஆனால் நொடிக்குத் தொண்ணூறு சுற்றுதான். தட்டின் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தேடினால், ஒரு நொடியில் நூறு இடங்களைக்கூட அந்தக் கையால் தொட முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது அப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. வரிசை நீள்கிறது.

எஸ்.எஸ்.டி. என்பதில் சுற்றுவதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை, எல்லாம் சில்லுதான். நொடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படித்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அங்கே ஒரு எஸ்.எஸ்.டி.யைப் போட்டால், கால் மணி நேரம் எடுத்த கணினி ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. சென்னையில் ரிச்சி தெருவில் மட்டுமல்ல, இன்று எந்த நடுத்தர ஊரின் கணினிக் கடையிலும் இது கிடைக்கும். புது லேப்டாப் விலையோடு பார்த்தால் இந்தச் செலவு சிறியது. ஒரே ஒரு பாகத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் இதற்குக் கொடுங்கள்.

மெமரிதான் தொண்ணூறைத் தாண்டியிருந்தால் ரேம் போதவில்லை என்று பொருள். ரேமைச் சமையல் மேடை என்றும் டிஸ்க்கைப் பரண் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இடமில்லாமல் ஒவ்வொரு பாத்திரத்தையும் பரணுக்கு ஏற்றி இறக்கினால் சமையல் எப்போது முடியும்? ரேம் நிரம்பியதும் விண்டோஸ் அதைத்தான் செய்கிறது. அதனால்தான் ரேம் குறைந்த கணினியில் டிஸ்க்கும் சேர்ந்து நூறில் நிற்கும். இன்றைய நிலையில் 4 ஜி.பி. தட்டுத்தடுமாறும், 8 ஜி.பி. வீட்டுக்குப் போதும். வாங்கப் போகும் முன் டி.டி.ஆர்.3 வகையா டி.டி.ஆர்.4 வகையா என்று தெரிந்துகொண்டு போங்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. சில மெல்லிய லேப்டாப்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், அதில் மாற்ற வழியில்லை. 32 பிட் விண்டோஸ் ஓடும் கணினி என்றால், 4 ஜி.பி.க்கு மேல் ரேம் போட்டும் வீண்.

"அன்றைக்கு நன்றாகத்தானே ஓடியது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்குக் குறைந்தபட்சம் 64 எம்.பி. ரேம் இருந்தால் போதும் என்றார்கள். இருபது ஆண்டு கழித்து 2021-இல் வந்த விண்டோஸ் 11 குறைந்தபட்சம் 4 ஜி.பி. கேட்கிறது. அறுபத்து நான்கு மடங்கு. நாம் அதில் செய்வதோ அன்று போலவே ஒரு கடிதம் தட்டச்சு செய்வது, ஒரு படம் பார்ப்பது. நம் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே படித்த பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லஸ் விர்த், கருவிகள் வேகம் கூடுவதைவிட விரைவாக மென்பொருள்கள் மந்தமாகிக்கொண்டிருக்கின்றன என்று 1995-இலேயே எழுதினார். அவர் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது. உங்கள் கணினி கிழடாகிவிட்டது என்று அதைக் குறை சொல்லாதீர்கள். அதன் முதுகில் சுமையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறோம்.

அந்தச் சுமையில் கொஞ்சத்தைக் காசில்லாமல் இறக்கலாம். டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் என்ற பகுதியில், கணினியோடு சேர்ந்து தாமாகவே எழுந்துகொள்ளும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். தினமும் தேவைப்படாதவற்றை டிசேபிள் செய்துவிடுங்கள். அவை அழிந்துவிடாது, கூப்பிட்டால் மட்டும் வரும். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். பிரவுசரில் எப்போதோ சேர்த்த எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: விண்டோஸ் 8 முதல், ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் அணையும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கோடையில் மட்டும் மெதுவாகிறது, தொட்டால் சுடுகிறது, விசிறி இரைகிறது என்றால் காரணம் பெரும்பாலும் தூசி. சூடு எல்லை மீறும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள், அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். திறந்து தூசி தட்டி, பிராசசர் மேல் உள்ள பசையைப் புதிதாக வைக்கச் சொன்னால் கடையில் செய்து தருவார்கள்.

இனி நான் மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்ளும் ஒன்று. கடைக்குக் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் வரும் வார்த்தை, "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்". விண்டோஸைப் புதிதாகப் போட்டால் சில நாள் சுறுசுறுப்பாக இருக்கும், உண்மைதான். டிஸ்க்தான் காரணம் என்றால் சில மாதத்தில் பழைய கதை திரும்பிவிடும். ஆனால் ஃபார்மட்டில் அழிந்துபோனது போனதுதான். அம்மாவின் குரல் பதிவு, கல்யாண ஆல்பத்துக்குள் வராத படங்கள், அப்பா பாமினி எழுத்துருவில் தட்டிவைத்த குடும்ப வரலாறு. "டி டிரைவைத் தொட மாட்டோம்" என்பார்கள். உங்கள் படங்களோ டெஸ்க்டாப்பில் இருக்கும், டெஸ்க்டாப் இருப்பதோ சி டிரைவில். எனவே கணினி கையைவிட்டுப் போகும் முன் எல்லாவற்றையும் ஒரு வெளி டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ, கோப்பைத் திறக்கும்போது அடிக்கடி உறைந்து நின்றாலோ, டிஸ்க் சாகும் தருவாயில் இருக்கலாம். அப்போது வேறு எந்த வைத்தியமும் செய்யாமல் முதலில் நகலெடுங்கள். எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்து தரச் சொல்லலாம். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

மெதுவான கணினியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரையில் எச்சரிக்கை வந்தால் அழைக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் தானாக யாருக்கும் போன் செய்வதில்லை, தன் எச்சரிக்கைகளில் போன் நம்பரும் கொடுப்பதில்லை. ஒரே நொடியில் வேகமாக்கித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களும் வேண்டாம். தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான் இவர்கள் குறிவைக்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத கோபம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்; அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐப் பல பழைய கணினிகள் ஏற்காது. அந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல கணினிகள் காயலான் கடைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் அவற்றில் சுகமாக ஓடும். தமிழ் தட்டச்சு, கடிதம், கணக்கு, யூடியூப், மின்னஞ்சல் எல்லாம் அதில் உண்டு. பழகச் சில நாள் பிடிக்கும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனையோ வீடுகளில் அலமாரி மேல் கிடக்கின்றன. ஒரு எஸ்.எஸ்.டி., கொஞ்சம் ரேம், ஒரு லினக்ஸ் போட்டால் அவற்றில் பலவற்றை அந்த வீட்டில் அடுத்துப் படிக்கும் பிள்ளை பயன்படுத்தலாம்.

இவ்வளவும் செய்து பார்த்து, இனி முடியாது என்று உறுதியானால் மட்டும் புதிது வாங்குங்கள். வாங்கும்போது எஸ்.எஸ்.டி. இருக்கிறதா, ரேமைப் பிறகு கூட்ட முடியுமா என்ற இரண்டையும் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பழையதைத் தெருக் குப்பையில் போட வேண்டாம். டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிலையத்திடம் ஒப்படையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்