கல்லின் எடையும் கல்லின் ஒளியும்

வடமராட்சியிலிருந்து ஆசிரியத் தொழில் புரியும் இளைஞர் ஒருவர் எமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்துள்ளார். தை மாதத்தில் அவருக்கு நிச்சயதார்த்தம். மணமகளுக்கு அணிவிக்க ஒரு வைர மோதிரம் வேண்டும். பெண்வீட்டார் வாய்திறந்து எதுவும் கேட்கவில்லை. ஆனால் பெண்ணின் தமக்கைக்கு இலண்டன் மாப்பிள்ளை ஒரு கரட் வைரம் அணிவித்தார் என்பதை உறவினர் ஒருவர் இருமுறை நினைவூட்டிவிட்டாராம். தம்பியின் சேமிப்பு அதற்குப் போதாது. "எஞ்சிய தொகைக்கு அம்மாவின் காப்புச் சோடியை அடைவு வைக்கலாம் என்று எண்ணுகிறேன். அம்மாவும் சம்மதித்துவிட்டார். தங்கள் கருத்து யாது?" என்று கடிதத்தை முடிக்கிறார்.

எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். காப்பு அம்மாவின் கையிலேயே இருக்கட்டும். உள்ள பணத்துக்கே கண்கவரும் மோதிரம் வாங்கலாம். அஃது எவ்வாறு என்பதே இவ்வாரம் நாம் எழுதப் புகும் விடயம்.

கரட் என்றவுடன் எம்மவர் பலருக்குப் பவுணின் கரட்டே நினைவுக்கு வரும். 22 கரட் தங்கம் என்னுமிடத்துக் கரட் என்பது தூய்மையைக் குறிக்கும். வைரத்திலோ அது எடை. ஒரு கிராமின் ஐந்தில் ஒரு பங்கே ஒரு கரட். அது பருமனும் அன்று, அழகும் அன்று. இவ்வுண்மையை நாம் நூல்களில் கற்றதிலும் பார்க்க எமது தமையனார் மகனின் மோதிரத்திற் கற்றதே அதிகம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவன் கொழும்பில் ஒரு நகைக்கடையில் 1.01 கரட் கல் ஒன்றை வாங்கினான். கடைக் கூரையிற் பதித்த சிறு மின்விளக்குகளின் கீழே கல் தீப்பொறி சிந்திற்று. வீட்டுக்குக் கொணர்ந்து யன்னலோரத்திற் பிடித்தபோதோ, நடுவே கருமை படர்ந்து வெறும் கண்ணாடித் துண்டின் களையே எஞ்சிற்று. "லைட்டைப் போடுங்கோ சித்தப்பா, லைட்டிலே பாருங்கோ" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னமும் எமது செவியில் நிற்கின்றது. கல் போலியன்று. உடன் கொடுத்த அறிக்கையும் மெய்யானதே. ஆயினும் அவ்வறிக்கையை வாங்குமுன் ஒருவரும் ஊன்றிப் படிக்கவில்லை. கல்லின் உயரம் அதன் விட்டத்தில் நூற்றுக்கு 66 என்றும், விட்டம் 6.2 மில்லிமீற்றர் என்றும் அதில் இருந்தது. செவ்வையாகப் பட்டை தீட்டிய கல்லாயின் 0.90 கரட்டிலேயே அந்த அகலம் வந்துவிடும். மிகுதி எடை எங்கே போயிற்று? கல்லின் அடிவயிற்றில், மோதிரத்தினுள், எவர் கண்ணுக்கும் படாத இடத்திற் கிடந்தது. அதற்கும் அவன் பணம் கொடுத்திருந்தான்.

வைரம் தானாக ஒளிர்வதன்று. பெற்ற ஒளியைத் திருப்பித் தருவது. இன்று பெருவழக்காயுள்ள வட்டக்கல்லில் 57 பட்டைகள் தீட்டுவர். அடிமுனையையும் தேய்த்துவிடின் 58. மேலே புகும் ஒளி, அடிப்பாகத்தின் ஒரு சரிவில் மோதி, எதிர்ச்சரிவுக்குத் தாவி, மீண்டும் மேல்வழியே வெளிவந்து எமது கண்ணை அடைதல் வேண்டும். சரிவு மிகினும் குறையினும் ஒளியானது ஓட்டைப் பானையில் வார்த்த நீர்போல அடிவழியே ஒழுகிவிடும். வைரம் பட்டை தீட்டும் குடும்பத்திற் பிறந்த மார்செல் டொல்கோவ்ஸ்கி என்னும் பொறியியலாளர், 1919 இல் இதனைக் கணக்கிட்டு ஒரு நூல் வெளியிட்டார். கீழ்ச்சரிவு 40.75 பாகை, மேற்சரிவு 34.5 பாகை, மேலேயுள்ள பெரிய தட்டைப் பட்டை விட்டத்தில் நூற்றுக்கு 53 என்பன அவர் கண்ட அளவுகள். பின்வந்தோர் இவற்றிற் சிறிது கூட்டியும் குறைத்தும் கொண்டனராயினும், இன்றைய வட்டக்கல்லின் அடிப்படை அதுவே.

எடை வேறு, ஒளி வேறு என்பதற்குக் கோஹினூரிற் சிறந்த சான்று இல்லை. 1851 இல் இலண்டன் மாநகரப் பெருங்காட்சியில் அதனை வைத்தபோது, பார்க்கத் திரண்ட மக்கள் ஏமாற்றமுற்றனர். இக்கால அளவிற் சுமார் 191 கரட் எடையுள்ள அக்கல் மங்கலாகவே தோன்றிற்று. இந்தியாவின் பழைய வினைஞர் கல்லின் எடையைக் காப்பதையே பெரிதாக மதித்தவர். மறு ஆண்டிலேயே விக்டோரியா மகாராணியாரின் கணவர் அதனை மீண்டும் பட்டை தீட்டுவித்தார். முடிவில் எஞ்சியது 105.6 கரட். நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தூளாய்ப் போயிற்று. மகாராணியார் அதனைத் தாங்கிக்கொள்ளலாம். கடனுக்கு மூலக்கல் வாங்கும் வினைஞர் தாங்குவரோ? விற்பனை கரட் கணக்கில் நடப்பதால், அடியிற் சிறிது கனத்தை விட்டு 1.00 என்னும் எண்ணை எட்டிவிட்டாற் போதும் என்னும் ஆசை அவரைப் பற்றுகின்றது. 0.98 இலிருந்து 1.00 க்கு ஏறும்போது விலை படியேறுவதுபோலத் திடீரென உயரும். அவரைக் குறை சொல்வதிற் பயனில்லை. "ஒரு கரட் வேண்டும்" என்று கேட்டு நிற்பவர் நாமன்றோ?

ஆதலின் தம்பிக்கு நாம் கூறுவது: பணத்தை முதலிற் பட்டைக்குக் கொடுங்கள், எஞ்சியதை எடை, நிறம், மாசின்மை என்பவற்றுக்குப் பகிருங்கள். அமெரிக்க இரத்தினவியல் நிறுவகம் 2006 முதல் வட்டக்கற்களின் பட்டையை ஐந்து தரமாக வகுத்து அறிக்கையிற் குறிக்கின்றது. அதில் முதல் தரத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். அத்தரத்தினுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. உயரம் நூற்றுக்கு 60 முதல் 62.5 வரையும், கீழ்ச்சரிவு 41 பாகைக்கு மேற்படாமலும் உள்ள கற்களை முதலிற் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் அறிக்கையோடு நின்றுவிடலாகாது. கண்ணும் பார்த்தல் வேண்டும். "இதைக் கொஞ்சம் வாசலடிக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமோ?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நல்ல வணிகர் ஓர் ஆளை உடன் அனுப்பியேனும் காட்டுவார். நேர்வெயிலிலன்றிப் பகற்பொழுதின் நிழலில், இரண்டு மூன்று கற்களை அருகருகே வைத்து மேலிருந்து நோக்குங்கள். நடுவட்டம் கருகித் தெரிந்தால் அடிப்பாகம் ஆழம் மிகுந்தது. தட்டைப் பட்டைக்குள்ளே சாம்பல் நிற வளையம் ஒன்று மீன்கண் போலத் தெரிந்தால் ஆழம் குறைந்தது. நல்ல கல் நிழலிலும் வெண்மையும் கருமையும் மாறி மாறித் துடிக்கும். சற்றே அசைத்தால் நிறப்பொறிகள் எழும். ஒருமுறை அருகருகே பார்த்துவிட்டால் பின்னர் எவரும் உமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குற்றம் தேடுவதில் எம்மவர் பழகியவர். மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காட்டும் சிலப்பதிகாரம், வைரத்துக்கு ஆகாதனவென நான்கு குற்றங்களைக் கூறுகின்றது. காக்கைக் கால் போன்ற கீற்று, களங்கம், புள்ளி, கோடு என்பன அவை. இன்றைய அறிக்கையும் பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் அவற்றையே தேடுகின்றது. ஆயின் மணமகளின் கையைப் பத்து மடங்கு பெருக்கிப் பார்க்க எவரும் வரப்போவதில்லை. வெறுங்கண்ணுக்கு மாசு தெரியாத எஸ்.ஐ.1 தரம் போதும். அதிலும் நடுவில் கரும்புள்ளி இல்லாததைப் பார்த்து எடுக்க வேண்டும். நிறத்தை டீ முதல் இஸட் வரை எழுத்துகளாற் குறிப்பர். மஞ்சட்பொன்னில் இருத்தும் கல்லுக்கு ஐ அல்லது ஜே நிறமே வெண்மையாகத் தோன்றும். மேல் நிறத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் பொன்னின் மஞ்சள் விழுங்கிவிடும். பொன்னைப் பற்றியும் ஒரு சொல்: 22 கரட் மென்மையானது. கல்லைப் பற்றிப் பிடிக்கும் கால்கள் வளைந்து கல் விழுந்துவிடக் கூடுமாதலால் 18 கரட்டில் செய்விப்பது நன்று. "கலப்பு மிகுந்த பவுணோ?" என்று மாமிமார் கேட்பின் காரணத்தைச் சொல்லுங்கள்.

இனி எடைக்கு வருவோம். செவ்வையான ஒரு கரட் வட்டக்கல்லின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீற்றர், 0.70 கரட்டுக்கு 5.7; அரைக் கரட்டுக்கு 5.1. எடை பாதியானாலும் அகலம் பாதியாவதில்லை. விலையோ பாதியினும் மிகத் தாழ்ந்துவிடும். வைரத்தின் விலை உலகச் சந்தையில் டொலரிற் கூறப்படுவது. 2022 இல் எமது ரூபா வீழ்ந்த பின்னர் அந்த வேறுபாடு எவ்வளவு பெரிதென்பதைத் தம்பி கடைகளில் அறிந்திருப்பார். 0.70 க்கும் ஒரு கரட்டுக்கும் இடையே உள்ளது 0.8 மில்லிமீற்றர். அம்மாவின் காப்புச் சோடி அடைவுக் கடைக்குப் போவது அந்த 0.8 மில்லிமீற்றருக்காகவே. மோதிரத்துக்கு இத்தனை மாதச் சம்பளம் செலவிடுதல் முறை என்று கூறுவாரும் உளர். அது சாத்திரமன்று, வைர வியாபாரத்தின் விளம்பரம். வைரம் என்றென்றைக்கும் உரியது என்னும் பொருளுடைய வாசகத்தை 1947 இல் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதியவரும் ஒரு விளம்பர எழுத்தாளரே. மாதச் சம்பளக் கணக்கும் அந்த நிறுவனத்தின் விளம்பரங்கள் பரப்பியதுதான்.

ஆய்வுகூடத்தில் வளர்த்த வைரம் பற்றியும் தம்பி கேட்கிறார். அதுவும் கரியின் படிகமே. கடினமும் ஒளியும் ஒன்றே. வெறுங்கண்ணால் வேறுபாடு காண முடியாது. விலை பன்மடங்கு குறைவு. ஆனால் அதன் விலை ஆண்டுதோறும் இறங்கி வந்திருப்பதால், பின்னர் விற்றுப் பணமாக்கும் எண்ணம் கூடாது. நிலத்தில் விளைந்த சிறு கல்லையும் திருப்பி விற்றாற் பெருநட்டமே என்பதையும் மறைப்பதற்கில்லை. எம்மைக் கேட்டால், அது தாழ்வன்று. மறைத்து அணிவிப்பதே தாழ்வு. பெண்ணிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள், எழுத்திலும் பெற்றுக்கொள்ளுங்கள். அதிலும் பட்டைக்கு மேற்சொன்ன விதியே. கடைகளில் வைத்துத் தொட்டுக் காட்டும் சிறு கருவிகளிற் பல வெப்பக்கடத்தலையே அளப்பன. அவை ஆய்வுகூட வைரத்தையும் நிலத்து வைரத்தையும் பிரித்தறியமாட்டா. மொய்சனைற்று என்னும் வேறு கல்லையும் வைரமென்றே காட்டும்.

கடிதத்தின் அடியில் ஒரு சிறு கேள்வி: பெண்ணுக்குத் தெரியாமல் விரலளவு பெறுவது எங்ஙனம்? இதற்கு வைர நூல்கள் உதவா. இலண்டன் தமக்கையாரையே நாடுங்கள். தங்கை மோதிரவிரலில் அணியும் பழைய மோதிரம் ஒன்றின் உள்விட்டத்தை அவர் மில்லிமீற்றரிற் கேட்டறிந்து சொன்னாற் போதும்.