புயல் எந்தக் கரைக்கு வரும்?

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் பிறந்ததும் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ஓர் எண் வெளியாகின்றது. வரும் பருவத்தில் அட்லாண்டிக் கடலில் இத்தனை புயல்கள் பெயர் சூட்டப்பெறும், அவற்றுள் இத்தனை 'ஹரிக்கேன்' என்னும் கடும்புயலாக வளரும் என்பதே அச்செய்தி. ஜூன் முதல் நாளில் தொடங்கி நவம்பர் 30இல் முடிவது அவர்களது புயற்பருவம். அது தொடங்குமுன்னரே கணக்குச் சொல்லும் இவ்வழக்கத்தை 1984இல் ஆரம்பித்து வைத்தவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கிரே. கடலே கண்ணுக்கெட்டாத மலையடிவார ஊர் ஒன்றில் அமர்ந்துகொண்டு அவர் கடற்புயலை எண்ணினார் என்பது வேடிக்கைதான்.

ஆனால் கரையோரத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவன் கேட்பது எண்ணிக்கையை அன்று. "எண் கிடக்கட்டும், இந்த ஆண்டு எங்கள் ஊருக்கு வருமா?" என்பதே அவன் கேள்வி. புத்தாண்டுப் பஞ்சாங்கத்தை விரித்து, மழை எத்தனை மரக்கால், புயல் எந்தத் திசையில் என்று பார்க்கின்ற நம் வீட்டுப் பெரியவர்களின் கேள்வியும் இதுவே. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அச்சம் புரியாததன்று. எனினும் அக்கேள்விக்கு ஏப்ரலில் விடை கிடையாது என்பதும், விடை கூற முன்வருவோருக்குச் செவிசாய்க்கலாகாது என்பதுமே நம் கருத்து.

எண்ணிக்கையைக் கூற முடிகிறபோது இடத்தைக் கூற ஏன் முடியாது? புயலுக்குத் தீனி கடலின் வெப்பம். கடல் மெல்லச் சூடேறி மெல்லவே ஆறும். ஏப்ரலில் காணும் வெப்பத்தைக் கொண்டு ஆகஸ்டு மாத நிலையை ஓரளவு ஊகிக்கலாம். பசிபிக் கடலில் 'எல் நினோ' தோன்றினால் அட்லாண்டிக்கின் மேல்வானில் காற்று வலுத்து, வளரும் புயலின் தலையைக் கொய்துவிடும். அதுவும் மாதக்கணக்கில் நீடிப்பது. ஆகவே எண்ணிக்கையைச் சொல்லப் பற்றுக்கோடு உண்டு. ஆனால் பிறந்துவிட்ட புயலோ ஆற்றில் விழுந்த வாழைமட்டை போன்றது. தானாக அது எங்கும் போவதில்லை. சுற்றியுள்ள காற்றோட்டம் இழுத்த இழுப்பிற்கெல்லாம் போகும். அட்லாண்டிக்கின் நடுவே ஓர் உயர் அழுத்த மண்டலம் உண்டு. அது மேற்கே நீண்டிருந்தால் புயல் கரைக்குத் தள்ளப்படும். சற்றே பின்வாங்கினால் வடக்கே திரும்பி நடுக்கடலில் மாயும். இவை நாளுக்கு நாள் மாறும் சங்கதிகள். செப்டம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை அம்மண்டலம் எங்கிருக்கும் என்பதை ஏப்ரலில் எவரும் உரைக்க இயலாது.

கொலராடோ அறிஞர்கள் இதனை மறைப்பதில்லை. அவர்கள் தருவது வாய்ப்புக் கணக்கு மட்டுமே. அமெரிக்கக் கரையில் எங்கேனும் ஒரு பெரும்புயல் மோதுவதற்குச் சராசரி ஆண்டில் நூற்றுக்கு 43 பங்கு வாய்ப்பு என்பர். காப்புறுதிக் கம்பெனிக்கும் அரசாங்கக் கஜானாவுக்கும் அது பயன்படும். ஒரு குடும்பம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்?

எண்ணை நம்பி இருந்தோருக்கு 1992ஆம் ஆண்டு நல்ல பாடம். பெயர் பெற்ற புயல்கள் அவ்வாண்டில் ஆறே ஆறு. முதற்புயலே ஆகஸ்டு நடுவில்தான் தோன்றியது. அதுதான் 'ஆண்ட்ரூ', ஆகஸ்டு 24இல் தென் புளோரிடாவில் பாய்ந்து ஹோம்ஸ்டெட் நகரை உருக்குலைத்தது. (1953 முதல் 1978 வரை அட்லாண்டிக் புயல்களுக்கெல்லாம் பெண் பெயர்களையே இட்டு வந்தார்கள். அழிவுக்குப் பெண்ணின் பெயர்தானா என்று பெண்கள் வழக்காடிய பின்னர் 1979 முதல் ஆண் பெயர்களும் சேர்ந்தன. நியாயந்தானே!) இதற்கு நேர்மாறாக 2010இல் பத்தொன்பது புயல்கள் பெயர் பெற்றன, ஒரு ஹரிக்கேன்கூட அமெரிக்கக் கரையைத் தாக்கவில்லை. ஹெயிட்டியும் மெக்சிகோவும் அவ்வாண்டு அடிபட்டன என்பது வேறு கதை. பணக்கார நாட்டுக் கரைக்கு வராத புயலை வராத புயலாகவே எழுதிவிடுவது செய்தித்தாள்களின் வழக்கம். 2025இல் அமெரிக்கா தப்பியது. ஜமைக்காத் தீவையோ அக்டோபர் 28இல் 'மெலிசா' சின்னாபின்னமாக்கிற்று.

அப்படியானால் முன்னறிவிப்பே வீண்தானா? அன்று. பருவத்துக்கு முந்திய ஆரூடம் ஒன்று. புயல் பிறந்த பின் விடுக்கும் எச்சரிக்கை மற்றொன்று. இரண்டாவதன் வரலாற்றில் நம் சபையார் ஒருவருக்குச் சிறப்பிடம் உண்டு. கியூபாவின் ஹவானா நகரில் சேசு சபையார் நடத்திய பெலென் கல்லூரியின் வானாய்வுக்கூடத்தில் 1870 முதல் பணியாற்றியவர் அருட்தந்தை பெனிட்டோ வின்யஸ். விமானமும் விண்கோளும் இல்லாத காலம். உயர வானில் இழை இழையாக விரியும் வெண்முகில்களை நாள்தோறும் நோக்கி, அவை எப்புள்ளியிலிருந்து விரிகின்றனவோ அங்கே புயல் உண்டெனக் கணித்தார். 1875 செப்டம்பரில் அவர் செய்தித்தாள் வழியே விடுத்த எச்சரிக்கை பலித்தது. 1893இல் அவர் இறந்த பின்னும் கியூபாவில் அப்பணி தொடர்ந்தது.

1900ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் கியூபாவைக் கடந்த ஒரு புயல் மேற்கே டெக்சாஸ் பக்கம் போகின்றது என்று ஹவானாவில் கருதினார்கள். அமெரிக்க வானிலைத் துறையோ, அது வடகிழக்கே திரும்பிவிடும் என்றது. கியூபாக்காரர்கள் வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று அங்கிருந்து வரும் வானிலைத் தந்திகளுக்கும் அத்துறை தடை வாங்கியிருந்தது! செப்டம்பர் 8, நாம் வேளாங்கண்ணியில் கொண்டாடும் தேவமாதாவின் பிறந்த திருநாள். அன்று அப்புயல் டெக்சாஸ் மாநிலத்துக் கால்வஸ்டன் தீவு நகரில் ஏறியது. மாண்டவர் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர்.

அந்நகருக்கு வெளியே கடற்கரையை ஒட்டி இருந்தது புனித மரியாள் அநாதை இல்லம். தண்ணீர் ஏற ஏற, கன்னியர் பிள்ளைகளையெல்லாம் உறுதியாய்க் கட்டப்பட்டிருந்த பெண்பிள்ளைகள் விடுதிக்கு அழைத்துச் சென்றார்கள். அச்சம் தெரியாமலிருக்க 'அலைகளின் அரசி' என்னும் கீதத்தைப் பாடச் செய்தார்கள். துணி உலர்த்தும் கயிற்றைத் துண்டாக்கி, ஆறு எட்டுப் பிள்ளைகளாகச் சேர்த்துத் தம் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். பத்துக் கன்னியரும் தொண்ணூறு பிள்ளைகளும் மடிந்தார்கள். மரமொன்றைப் பற்றிப் பிழைத்தவர் மூன்று பையன்கள். இவர்கள் ஏப்ரல் மாதத்து எண் தெரியாததால் இறக்கவில்லை. கடைசி நாட்களின் செய்தி ஹவானாவில் இருந்தும் அவர்களை வந்து எட்டாததால் இறந்தார்கள்.

இன்று அச்செய்தி எவ்வளவோ திருந்தியிருக்கின்றது. மூன்று நாள் முன்பாகப் புயலின் இடத்தைக் குறிப்பதில் 1990 வாக்கில் சராசரிப் பிழை ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இப்போது 200க்கும் குறைவு. தொலைக்காட்சியில் கூம்பு போலக் காட்டும் படம் இந்தப் பிழைக்காகவே வரையப்படுவது. மூன்றில் இரண்டு முறை புயலின் மையம் அதற்குள் இருக்கும். மூன்றாம் முறை வெளியே போகும்! மழையும் கடல்நீர் ஏற்றமும் கூம்புக்கு வெளியேயும் வரும். கூம்பின் நடுக்கோட்டையே புயலின் பாதையென்று நினைப்போர் ஏமாறுவர். 2022 செப்டம்பரில் 'இயன்' புயலுக்கு டாம்பா நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவோ தெற்கே போர்ட் மயர்ஸ் பக்கம் ஏறியது. அவ்வூர் கூம்பின் உள்ளே அல்லது விளிம்பில்தான் இருந்து வந்தது. வெளியேறும் கட்டளை அங்கே பிறந்ததோ முந்தின நாள்.

சரியான எச்சரிக்கையும் தனித்து நின்றால் போதாது. 2005இல் 'கத்ரீனா' நியூ ஆர்லியன்சை நோக்கி வருவது இரண்டு நாளுக்கு மேலாகவே தெரிந்திருந்தது. வண்டி வைத்திருந்தோர் போனார்கள். வண்டி இல்லாத ஏழைகளும், நடக்க மாட்டாத முதியோரும் தங்கிவிட்டார்கள். மாண்டோரில் மிகப் பலர் முதியோர். ஆகவே ஏப்ரலில் ஒரு நகரத்தார் கேட்கத்தக்கது, "புயல் இங்கே வருமா?" என்பதன்று. "வந்தால் முதியோர் இல்லத்துக்குப் பேருந்து எப்போது வரும்? யார் ஓட்டுவார்?" என்பதே.

கால்வஸ்டன் மக்கள் அடுத்த புயல் எந்த ஆண்டு என்று விசாரித்துக்கொண்டிராமல் 1902இல் பதினேழடி உயரக் கடல்மதில் எழுப்பத் தொடங்கினார்கள். மதிலுக்குப் பின்னே மணலைக் கொட்டி ஊரையே மேடாக்கினார்கள். வீடுகளைத் திருகு தூக்கிகளால் நெம்பி உயர்த்தினார்கள். புனித பாட்ரிக் ஆலயம் நின்ற நிலையில் ஐந்தடி உயர்ந்தது. 1915 ஆகஸ்டில் அடுத்த பெரும்புயல் வந்தது. மதில் தாங்கிற்று, நகருக்குள் இறந்தவர் மிகச் சொற்பம்.