பட்டாம்பூச்சிக்குப் பூங்கா வேண்டாம், வேலி போதும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் காரமான பதிவு. தண்ணி பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க.

எங்க ஊர் (குஜிலியம்பாறைங்க, திண்டுக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவாந்திரத்தில் இருக்கு) வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒரு யோசனை வந்தது. நம்ம பகுதிக்கும் ஒரு பட்டாம்பூச்சிப் பூங்கா வேணுமாம். புல்தரை, நீரூற்று, சிமெண்ட்டில் ஒரு பெரிய பட்டாம்பூச்சி, நின்னு செல்ஃபி எடுக்க ரெண்டு இறக்கை. கட்டைவிரல் மேல கட்டைவிரலா விழுந்தது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் அதே குழுவில் இன்னொரு படம் போட்டிருந்தாங்க. ஓடைக்கரையைச் சுத்தம் பண்ணிட்டாங்களாம். ஜேசிபி நிக்குது, கரை மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு. அதுக்கும் கட்டைவிரல்தான்.

அந்தக் கரையில் இருந்ததுதாங்க பட்டாம்பூச்சிப் பூங்கா. அதை வழிச்சுப் போட்டுட்டு சிமெண்ட்டுல ஒண்ணு கட்டப் போறோம். இதைச் சொன்னா "உங்களுக்கு எல்லாத்துலயும் குறைதானா"ன்னு கேக்கறாங்க. சரி, இங்கயே வெச்சுப் பேசுவோம்.

பூச்செடி வெச்சா பட்டாம்பூச்சி வரும்னு எல்லாரும் நினைக்கிறோம். வரும். தேன் குடிக்கும். போயிடும். ஏன்னா அது முட்டை வைக்கிறது பூவுல இல்லை, இலையில. அதுவும் கண்ட இலையில வைக்காது. புழு எந்த இலையைத் தின்னு வளருமோ அந்த இலையைத் தேடிப் பிடிச்சு வைக்கும். எந்தெந்தச் செடின்னு பாருங்க.

எருக்கு: ஆரஞ்சு நிறத்தில், ஓரம் கருப்பா, நம்ம காட்டு மேடெல்லாம் பறக்குமே, தமிழில் வெந்தய வரியன்னு பேர் வெச்சிருக்காங்க, அதோட புழுவுக்குச் சோறு இதுதான். எருக்கம்பாலில் இருக்கிற நஞ்சை உடம்பில் சேர்த்து வெச்சுக்கும். ஒரு தடவை வாயில போட்ட குருவி மறு தடவை கிட்ட வராது.

ஆடுதீண்டாப்பாளை: கருப்பு இறக்கை, சிவப்பு உடம்போட வருமே, அந்த அழகிக்கு இந்தக் குடும்பத்துக் கொடிதான் வேணும். வேற எதைக் கொடுத்தாலும் புழு பட்டினி கிடந்து சாகும்.

ஆவாரை: வெளிர் பச்சை கலந்த வெள்ளையிலும், சின்னதா மஞ்சளிலும் கூட்டமா பறக்கிறதெல்லாம் ஆவாரை, கொன்னை வகைப் பிள்ளைங்கதான்.

ஆதண்டை, இலந்தை, ஆமணக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம், புங்கம்... இப்படியே போகும் பட்டியல். வீட்டுக் கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்குமே ஒரு புழு, அதை நசுக்காம விட்டா சில வாரத்தில் கருப்பு வெள்ளையில் இறக்கை விரிச்சுட்டுப் போகும்.

இந்தப் பட்டியலில் பாதிக்கு நாம வெச்சிருக்கிற பேர் என்ன தெரியுமா? "புதர்". இல்லைன்னா "களை". 2017 வாக்கில் சீமைக்கருவேலத்தை ஒழிக்கணும்னு ஊர் ஊரா இறங்கினோம். வேண்டிய வேலைதான், மறுக்கலை. ஆனா ஜேசிபிக்கு சீமைக்கருவேலமும் ஒண்ணுதான், ஆதண்டையும் ஒண்ணுதான். எங்க பக்கம் ரெண்டும் ஒண்ணாத்தான் போச்சு. சீமைக்கருவேலம் அடுத்த மழைக்கே துளுத்து வந்துடுச்சு. ஆதண்டையைத்தான் காணோம்.

எனக்கு இதில் வயித்தெரிச்சல் எங்கன்னா, இதெல்லாம் நமக்கே வேண்டிய செடிங்க. தை பிறக்கும்போது காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேணும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வேணும். அன்னிக்கு ஒரு நாள் சந்தையில் காசு கொடுத்து வாங்குவோம். மத்த நாளெல்லாம் அதே செடிக்குக் களைக்கொல்லி அடிப்போம். என்ன நியாயம் சாமி இது?

இப்ப வேலிக்கு வரேன். கரூர், தாராபுரம் தொடங்கி நம்ம பக்கம் வரைக்கும் கொறங்காடுன்னு ஒண்ணு உண்டு. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுத்தி கிளுவை முள் வேலி. ஆடு மாடு மேய்க்க நம்ம பாட்டன் பூட்டன் உண்டாக்கினது. அந்த வேலி சும்மா வேலி இல்லை. கிளுவையில ஆதண்டை ஏறும், பிரண்டை ஏறும், கோவை ஏறும், அடியில ஆவாரை நிக்கும். ஓணான், கீரி, தேனீ, கருவண்டு எல்லாம் அதுக்குள்ள குடித்தனம் நடத்தும். இன்னிக்கு கிளுவையை வெட்டிட்டு கல்லுக்கால் நட்டு கம்பி இழுக்கிறோம். கம்பியில எந்தப் புழு மேயும், எந்தக் கொடி பூக்கும்?

பக்கத்துல கடவூர் மலையில் 2022ல் தேவாங்குக்குன்னு 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவிச்சாங்க. நல்ல காரியம். ஆனா தேவாங்கு தின்கிறது பெரும்பாலும் பூச்சிதான். அது நடமாடக் கிளையும் கொடியும் விடாம தொடர்ந்து இருக்கணும். சுத்துப்பட்டு ஊரெல்லாம் வேலியை வெட்டி, பூச்சியை மருந்தடிச்சுக் கொன்னா, சரணாலயம் தனித்தீவா நிக்கும். பட்டாம்பூச்சிக்கும் அதே கதைதான். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் மாதிரி சிலது பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே இருக்கிற மலை, சமவெளிகளுக்கும் நடுவே கூட்டமா இடம் பெயருது. வழியில தங்கிப் போக சத்திரம் வேண்டாமா? நம்ம வேலிதாங்க அந்தச் சத்திரம்.

வழக்கமா வர்ற கேள்விகளுக்கும் இப்பவே பதில் சொல்லிடறேன்.

"புழு வந்தா வெள்ளாமையைத் தின்னுடாதா?" எருக்குப் புழு கடலைச் செடியைத் தொடாது. கடலையை மொட்டையடிக்கிற சிவப்புக் கம்பளிப்புழு அந்துப்பூச்சியோடது, பட்டாம்பூச்சியோடது இல்லை. எலுமிச்சை நாத்து வெச்சிருக்கிறவங்க மட்டும் கொஞ்சம் பார்த்துக்கணும், புழு இளங்கன்னுல நிறைய தின்னுடும். கையால எடுத்து பெரிய மரத்துல விட்டா தீர்ந்தது.

"பட்டாம்பூச்சி இருந்தா எனக்கென்ன லாபம்?" மகரந்தச் சேர்க்கையில் பெரிய வேலைக்காரன் பட்டாம்பூச்சி இல்லை, தேனீயும் வண்டும்தான். ஆனா அதுக்கு வேண்டிய அதே வேலியும் பூவும்தான் இவங்களுக்கும் வேணும். உலகத்தின் முக்கியமான 115 உணவுப் பயிர்களில் 87க்கு ஏதோ ஒரு அளவில் பூச்சி மாதிரி உயிர்களோட உதவி தேவைப்படுது. முருங்கைப் பூவைச் சுத்தி கருவண்டு ரீங்காரம் போடுதே, அது சும்மா இல்லை. பூசணியில ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வரலைன்னா நீங்கதான் காலையில எழுந்து பூ பூவா தொட்டு வைக்கணும்.

"அப்ப ஸ்ரீரங்கத்தில் அரசு பூங்கா வெச்சது தப்பா?" தப்பில்லை. 2015ல் திறந்தது, சுமார் 25 ஏக்கர். அங்க புழுவுக்கு வேண்டிய செடியைத் தேடித் தேடி நட்டாங்க, அதனால நூறுக்கும் மேற்பட்ட வகை வந்து சேர்ந்தது. நம்ம ஆளுங்க பார்த்துட்டு வந்தது செடியை இல்லை, சிலையை! 2019ல் மாநிலப் பட்டாம்பூச்சின்னு தமிழ் மறவனை அறிவிச்சாங்க. அது மலைக்காட்டு நீரடிமுத்து மரத்தை நம்பி வாழுறது. அதோட சிலையை இங்க வெச்சு என்ன பண்றது? நம்ம பூமிக்கு வெந்தய வரியன் போதும்.

சரி, ஊர்க்காரங்க என்னதான் செய்யணும்? பெரிய காசு ஒண்ணும் வேண்டாம்.

1. இருக்கிற கிளுவை வேலியை விடுங்க. போன இடத்துல மழைக்கு முன்னாடி போத்து வெட்டி நடுங்க.

2. ஓடைக்கரை, ஏரிக்கரையை ஒரே நாளில் வழிக்காதீங்க. இந்த வருஷம் ஒரு பக்கம், அடுத்த வருஷம் மறுபக்கம். அதுவும் விதை முத்தின பிறகு.

3. பள்ளிக்கூடச் சுவரோரம் ரெண்டு எருக்கு, நாலு ஆவாரை, ஒரு கறிவேப்பிலை. பாடப்புத்தகத்தில் படமா பார்க்கிறதைப் பிள்ளைங்க நேர்ல பார்க்கட்டும்.

4. பூத்திருக்கும்போது மருந்து அடிக்காதீங்க. தவிர்க்க முடியலைன்னா தேனீ அடங்கின சாயங்காலத்தில் அடிங்க.

5. கிராம சபையில் பேசுங்க. 2022ல் இருந்து வருஷத்துக்கு ஆறு தடவை கூடணும். 2002ம் வருஷத்து உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அதுக்குன்னு ஒரு மேலாண்மைக் குழு இருக்கணும், ஊரில் இருக்கிற செடி கொடி பூச்சியை எல்லாம் மக்கள் பதிவேட்டில் எழுதணும். "நம்ம ஊர்ப் பதிவேட்டைக் காட்டுங்க"ன்னு கேளுங்க. கேட்டாத்தான் தேடுவாங்க.

நடக்குமான்னு கேக்காதீங்க. இதே திண்டுக்கல் மாவட்டத்தில், அழகர்மலைக் காட்டை ஒட்டி, காசம்பட்டி வீரகோவில் காடு இருக்கு. மொத்தமே 4.97 ஹெக்டேர். சாமிக்குப் பயந்து ஊர் ஜனம் கைவைக்காம விட்ட காடு. 2025ல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அரசு அறிவிச்சது. 2022ல் மதுரைப் பக்கம் அரிட்டாபட்டிக்கு அடுத்தபடியா தமிழ்நாட்டில் இது ரெண்டாவது. சாமிக்காக விட்டு வைக்க முடிஞ்ச நமக்கு, பூசணிப் பிஞ்சுக்காக ஒரு முழ வேலியை விட்டு வைக்க முடியாதா?

பதிவர்களே, உங்க தெருமுனையில் எருக்கு இருக்கான்னு நாளைக்குப் பாருங்க. இருந்தா இலையைத் திருப்பிப் பாருங்க. மஞ்சள், கருப்பு, வெள்ளை வரி போட்ட புழு இருந்தா உங்க ஊர்ப் பூங்கா ஏற்கெனவே திறந்தாச்சு. ரிப்பன் வெட்ட ஆள் வர்றதுக்குள்ள செடியை வெட்ட ஆள் வராம பார்த்துக்கங்க.

டிஸ்கி: எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து. தொட்டுட்டு கை கழுவுங்க. அப்புறம் என்னைத் திட்டி பின்னூட்டம் போடக்கூடாது :)