48 வளைவுகளும் சப்ரும்

இத்தாலிய ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரமுடையது. கார்லோ டொனேகானி வடிவமைத்து 1825-இல் நிறைவுற்ற சாலை, பிராத்தோ கிராமத்துப் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகளில் சரிவைத் தணித்துக்கொண்டு ஏறுகிறது. கீழே 48, உச்சியில் 1 என வளைவுகளுக்கு எண்ணிட்டுள்ளனர். சைக்கிளில் ஏறுபவர் எஞ்சியவற்றையே எண்ணுகிறார். தொடக்கத்திலேயே விரைந்து மிதித்தவர் பாதிவழியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேரிடும். இலகுவான கியரில் சீராக மிதிப்பவர் உச்சியை அடைவார்.

சப்ர் என்றால் கைகட்டிக் காத்திருப்பதென்று நம்மில் பலர் கருதுகிறோம். அன்று; தளராது தொடர்வதே சப்ர். பெற்றோர்களே, ஓராண்டிலேயே குர்ஆன் முழுவதையும் மனனம் செய்யுமாறு பிள்ளைகளை விரட்டாதீர்கள். அடுத்த வளைவை மட்டும் காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், உச்சியை அவர்களே காண்பார்கள்.